டிராக்டரில் ஒரு சீட்டுதான்

ஜனவரி 9, 1972

இன்றைக்கும் அதே இடத்தில்தான் கைதட்டினார்கள். தாராசுரத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா. விடாமுயற்சி, நேரம் தவறாமை, கைத்தொழில் என்று எவ்வளவோ பேசினேன். ஒரு சத்தம் இல்லை. "எங்கள் தெருவில் எல்லாரும் ஏர் ஓட்டுகிறவர்கள், நான் மட்டும் பாலிடெக்னிக் படித்து வெளியே வந்தேன்" என்றதும் படபடவென்று தட்டினார்கள். போன எல்லா ஊரிலும் இப்படித்தான். 'நான் மட்டும்' என்பதில் அப்படி என்ன இருக்கிறது?

லியாகத் அலி பாயின் டிராக்டர் கடையில் மெக்கானிக்காகச் சேர்ந்தவன் நான். தீபாவளிக்கு முன்னால் அவருடைய சங்கத்தில் பேச வேண்டிய வக்கீல் வரவில்லை. "நம்ம ராஜாங்கம் பேசுவான். கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்த பையன்" என்று மேடையில் தள்ளிவிட்டார். அதிலிருந்து மாலையும் மைக்குமாக அலைகிறேன். எஞ்சின் ஓடவில்லை என்றால் காரணம் சொல்லிவிடுவேன். இது ஏன் ஓடுகிறது என்றுதான் தெரியவில்லை.

ஜனவரி 10

பாய் சொல்கிறார்: "பேசு தம்பி. நீ பேசற ஊர்ல ரெண்டு வண்டி விக்குது." அப்படியானால் நான் என்ன பேச்சாளன்?

பிப்ரவரி 6

இன்று கும்பகோணத்தில் பேசினேன். முதல் வரிசையில் பஞ்சநதம். எங்கள் ஊர் மிராசுதார். அப்பா ஏர் ஓட்டுவது அவர் வயலில்தான். கூட்டம் முடிந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பிரமாதம் தம்பி" என்றார். தம்பியாம். ஊரில் இருந்தவரை 'சாமிதுரை மவன்'. அதற்கு மேல் பெயர் கிடையாது.

அவர் டிராக்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறார். சித்திரையில் வண்டி வரும். "ஒங்க ஆளுங்க அதுக்குள்ள கொடியத் தூக்கிட்டு வந்து மறிப்பானுங்க. நீ வந்து ஒருவாட்டி பேசேன். நீ சொன்னா கேப்பாங்க. காலம் மாறுது, மேல வர வழியப் பாருங்கன்னு சொல்லு. பொய்யா அது?"

பொய்யில்லை. அதனால்தான் மறுக்க வாய் வரவில்லை. இயந்திரம் வரத்தான் போகிறது. வராதே என்று நான் சொன்னால் நிற்குமா? ஆனால் இதை ஏன் அவர் என்னைச் சொல்லச் சொல்கிறார்?

பிப்ரவரி 20

பேசியாயிற்று. எங்கள் தெரு முனையில், பண்ணை செலவில் மைக். பஞ்சநதம் நாற்காலியில். அப்பா கடைசியில், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். உட்காரவேயில்லை.

'ஒருத்தனாவது மேலே வர வேண்டும்' என்று சொல்லி 'நான் மட்டும்' இடத்துக்கு வந்தேன். எவனும் கை தட்டவில்லை. இருமல் சத்தம் கேட்டது. அக்கா அம்சம் நடவு ஆட்களோடு உட்கார்ந்திருந்தவள், "ஏன்டா மைக்குத் தொரை, நீ மட்டும்னா அப்ப நாங்கல்லாம் யாரு? சும்மாவா கெடந்தோம்?" என்று கத்தினாள். பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். எனக்கு அடுத்த வரி மறந்துபோயிற்று.

அப்போதுதான் அரசப்பன் எழுந்தான். இளவட்டம், நல்ல ஏரோட்டி. "அண்ணே, மேல வரலாம்ங்கறீங்க. அந்த டிராக்டர நாங்களும் ஓட்டலாமா?"

இதென்ன கேள்வி. கியரும் கிளட்சும்தானே. "யார் வேணும்னாலும் கத்துக்கலாம். ஒரு மாசம் போதும்" என்றேன்.

"நீங்க கத்துக் குடுப்பீங்களா?"

"குடுப்பேன்."

இதற்குத் தட்டினார்கள். இவ்வளவு கைதட்டல் நான் வாங்கியதே இல்லை. பஞ்சநதமும் தட்டினார், கொஞ்சம் தாமதமாக.

மார்ச் 5

மேடையில் சொன்னதை யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்களா? எங்கள் தெருக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். காலையில் கடை வாசலில் ஒரு கூட்டம். கட்டுச்சோற்று மூட்டையோடு. "கத்துக்க வந்திருக்கோம்."

பாய் தலையில் கை வைத்தார். "டேய் ராஜாங்கம், நான் டிராக்டர் விக்கிறேனா, பள்ளிக்கூடம் நடத்துறேனா?" பிறகு என்ன நினைத்தாரோ, பழைய வண்டி ஒன்றைக் காட்டி, "டீசல் ஒன் சம்பளத்துல" என்றார்.

வைரக்கண்ணு மாமா கிளட்சை மிதித்துக்கொண்டு "ஹை, ஹை" என்கிறார். வண்டி நகரவில்லையே என்று என்னை முறைக்கிறார்.

மார்ச் 26

ஊருக்குப் போனேன். அப்பா ஒருநாள்கூடக் கற்றுக்கொள்ள வரவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"அதுல எத்தன பேரு ஒக்காரலாம்?"

"ஒருத்தர்தான்."

"நாங்க எத்தன ஏரு?"

எத்தனை என்று அவருக்கே தெரியும்.

"எல்லாருக்கும் கத்துக் குடுக்குற. சந்தோசம். ஒருத்தன் ஏறுவான். மிச்சப் பேரு எங்கடா போறது? மைக்குல அதயும் சொல்ல வேண்டியதுதானே."

கோபம் வந்துவிட்டது. "பின்ன நானும் ஏர் ஓட்டிக்கிட்டே கெடந்திருக்கணுமா? படிக்க அனுப்பினது நீங்கதானே?" என்று கத்தினேன். அவர் மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டார்.

நல்லேர் வருகிறது. சித்திரையில் நல்ல நாள் பார்த்து, காய்ந்த வயலின் ஒரு மூலையில் பெயருக்கு நாலு சால் ஓட்டுவது. மற்ற ஊர்களில் அது வெறும் சாங்கியம். எங்கள் ஊரில் அன்றைக்கு எந்தெந்த ஆள் அந்த வயலில் உழவுக்கு இறங்கினானோ, வருஷம் பூராவும் அங்கே உழவு அவனுக்கு. இதைப் பண்ணையும் மீறியது கிடையாது. இந்த வருஷம் பஞ்சநதம் டிராக்டரை நல்லேர் அன்றுதான் இறக்குகிறார். வெளியூர் டிரைவர் ஒருவன் வருகிறான். வண்டியை ஒப்படைக்கப் போவது நான்.

அப்படியென்றால் அப்பாவின் வேலையைப் பிடுங்குவது யார்? பஞ்சநதமா? வண்டியா? நானா?

ஏப்ரல் 17

வண்டிக்குப் பூப்போட்டு, சூடம் காட்டி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி வயலில் இறக்கினேன். வரப்பு முழுக்கத் தெரு. யார் கையிலும் கொடியில்லை. மறியலும் இல்லை. பஞ்சநதம் நிம்மதியாகச் சிரித்தார். வெளியூர் டிரைவர் ஏறப் போனான். அதற்குள் அரசப்பன் வயலில் இறங்கிவிட்டான்.

"ஐயா, நல்லேருக்கு எங்க ஆளுதான எறங்கறது வழக்கம். ஏர நீங்க மாத்திட்டீங்க. ஆள மாத்தலயே."

ஏறி உட்கார்ந்து ஒரு சுற்று ஓட்டினான். இறங்கினான். அடுத்து கோவிந்தராசு. அடுத்து வைரக்கண்ணு மாமா. வரிசையாக நிற்கிறார்கள்! ஆளுக்கு ஒரு சுற்று. அப்போதுதான் எனக்கே விளங்கியது. இவர்கள் ஒரு மாதமாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சுற்றுக்காக.

பஞ்சநதம் முகம் கறுத்துவிட்டது. "வண்டிய இன்னும் நான் வாங்கிக்கல. அது ஒன் பொறுப்பு. சாவிய எடு" என்றார் என்னிடம்.

சரியான பேச்சுதான். பொறுப்பு என்னுடையது. சாவி கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. நான் எடுக்கவில்லை. ஏன்? வீரமெல்லாம் இல்லை. கை போகவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அப்பா. மாட்டை வரப்பில் விட்டுவிட்டு வந்தார். கற்றுக்கொள்ளாத ஒரே ஆள். ஏறினார். கிளட்சைச் சட்டென்று விட்டார். வண்டி ஒரு குதி குதித்து அணைந்துபோயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். "சாமிதுரை மாமா, மாட்ட இப்படி ஒத்த ஒதயில படுக்க வச்சதில்லயே!" அவரும் சிரித்தார். நான் பக்கத்தில் நின்று காலைப் பிடித்து மிதிக்கவைத்தேன். சுற்று முடிந்தது.

ஏப்ரல் 18

பாய்: "வண்டி திரும்பி வரல. அதனால ஒனக்கு வேலை இருக்கு. ஆனா இனிமே மைக்கத் தொடாதே." பேசக் கூப்பிட்டிருந்த இரண்டு ஊர்களும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டன.

மே 14

பஞ்சநதம் லேசுப்பட்டவர் இல்லை. "வழக்கத்த நான் மீறல. ஓட்டின எல்லாருக்கும் உரிமை உண்டுதான். அதுல ஒருத்தன எடுத்துக்கிறேன்" என்று அரசப்பனைப் பொறுக்கிவிட்டார். மாதச் சம்பளம். தெருவே அவனோடு பேசுவதில்லை.

இன்று கடைக்கு வந்தான். சட்டை புதுசு. "நீங்கதானே அண்ணே சொன்னீங்க, ஒருத்தனாவது மேல வரணும்னு. இப்ப நான் வந்தா தப்பா?"

என் பேச்சு வரி மாறாமல் அவன் வாயில். தப்பு என்றால் நான் யார்? தப்பில்லை என்றால் அப்பா? டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். பெரிய சொற்பொழிவாளன்.

ஜூன் 25

ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அரசப்பன் உழுகிறான். அப்பா வாய்க்கால் வெட்டு வேலைக்குப் போகிறார். பஞ்சநதத்தின் நாற்றங்கால் பம்புசெட் தண்ணீரில் முன்னாலேயே விட்டது, பச்சைப்பசேல் என்று நிற்கிறதாம்.

வண்டிக்குச் சேற்றுச் சக்கரம் மாட்டிக் கொடுத்தது நான்தான். அது என் வேலை. நன்றாகவே மாட்டினேன். அதுதான் உறுத்துகிறது.

ஜூலை 10

இதை நான் யோசிக்கவேயில்லை. பாலிடெக்னிக்கில் யாரும் சொல்லித்தரவும் இல்லை.

அக்கா நடவு ஆட்களைக் கூட்டிக்கொண்டு பண்ணை வாசலுக்குப் போய்ச் சொல்லிவிட்டாளாம்: "ஒத்த ஆளு ஓட்டின வயல்ல நாங்க எறங்க மாட்டோம்." அதட்டலுக்கெல்லாம் மசியவில்லை. வெளியூர் ஆட்கள் லாரியில் வந்திருக்கிறார்கள். வரப்பில் நம் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்கள். உழ டிராக்டர் இருக்கிறது. நட ஒன்றும் இல்லையே! நாற்று முற்றிக்கொண்டே போகிறது.

அரசப்பனிடம் அவள் கேட்டதாகச் சொன்னாள்: "ஏன்டா, நாங்க நடலன்னா நீ எதுக்குடா உழுவுற? வேடிக்கை காட்டவா?"

"இப்படி முட்டிக்கிட்டு நின்னா வேலையே போயிடும் அக்கா" என்றேன்.

"ஒனக்குத்தான் நாலு ஊர்ல வேலை இருக்கே, நீ ஏன் பயப்படுற?" என்றாள். அவள் குத்தவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

ஜூலை 16

நேற்று மதியம் அரசப்பன் பாதி வயலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போய், வாய்க்காலில் மண் வெட்டிக்கொண்டிருந்த வைரக்கண்ணு மாமாவைக் கூப்பிட்டானாம். "மாமா, வாங்க. மிச்சத்த நீங்க ஓட்டுங்க." பயந்தா, வெட்கப்பட்டா? கேட்டேன். "தெரியல அண்ணே. தனியா சாப்புட முடியல" என்றான்.

பஞ்சநதம் சாயங்காலம்வரை வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டு, பிறகு ஆள் அனுப்பினார். முறை வைத்து ஓட்டுவது என்று ஆயிற்று. மாதச் சம்பளம் இல்லை. ஓட்டுகிற அன்றைக்குக் கூலி. இன்று காலை நடவு.

கணக்காகப் பார்த்தால் எல்லாருக்கும் குறைவு. முன்னே ஏர் ஓட்டிக் கிடைத்ததைவிடக் குறைவு. அரசப்பனுக்கு ரொம்பக் குறைவு. புதுச்சட்டையோடு சேற்றில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். இது முன்னேற்றமா? தோல்வியா? எனக்கு வைக்கத் தெரிந்த இரண்டு பெயருமே இதற்குப் பொருந்தவில்லை.

ஆகஸ்ட் 20

பாய் இன்று, "சங்கத்துல மறுபடி ஒன்னப் பேசக் கூப்புடுறாங்க. பழசையே பேசு, வம்பு வேணாம்" என்றார். தலைப்பு கேட்டு ஆள் நின்றான். "உழைப்பும் உயர்வும்" என்று பழைய தலைப்பையே சொல்லி அனுப்பினேன். என்ன பேசுவேன் என்று சத்தியமாகத் தெரியாது.

ஊரில் சம்பா உழவு நடக்கிறது. போய் அப்பாவைக் கூப்பிட்டேன். "மேடையில ஒக்காருங்க. நான் பேசினது தப்புன்னா அங்கயே சொல்லுங்க."

"என்னிக்கு?"

"வர்ற ஞாயித்துக்கெழம."

விரல் விட்டு எண்ணினார்.

"அன்னிக்கு என் முறைடா" என்றார்.