வெறுங்கால் கல்யாணம்

ஜனவரி 2, வெள்ளி

வாடைக் காற்று. கொடியில் காயப்போட்ட வேட்டி பக்கத்து வீட்டு மாடியில்.

காலையில் தொடங்கி மதியம்வரை நடந்த வீடியோ ஆலோசனையின் முடிவில், செருப்புக் கூடை பனையோலையில்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானமாயிற்று. பிரம்பு தோற்றது. சணல் பரிசீலனைக்கே வரவில்லை. கலந்துகொண்டோர்: பெங்களூரிலிருந்து மகள் ஜெனி, கோயம்புத்தூரிலிருந்து மாப்பிள்ளை அருண், எங்கிருந்தோ வெட்டிங் பிளானர் ரோஷன் (முகத்துக்குப் பின்னால் தென்னை மரங்கள், நிஜமல்ல), தூத்துக்குடியிலிருந்து நான். பனைக்கு வாக்களித்தேன். வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

கூடை எதற்கென்றால், கல்யாணம் கடற்கரையில். ஊருக்குத் தெற்கே ஒரு ரிசார்ட். விருந்தினர் அத்தனை பேரும் வாசலில் செருப்பைக் கூடையில் போட்டுவிட்டு வெறுங்காலோடு மணலில் நடக்க வேண்டும். முத்துக்குளித்துறை ஆதலால் தீம் ‘முத்து’. மேடைவரை சிப்பி பரப்பிய பாதை. சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் தாலி. ரோஷன் அனுப்பிய தாளில் எல்லாம் படத்தோடு. கோவாவில் இதேபோல் நிறையச் செய்திருக்கிறாராம். முன்பணம் போயாயிற்று, ‘சூரியன் கடலில் இறங்கும் வேளையில்’ என்று கார்டும் அடித்தாயிற்று. இடத்தை இன்னும் யாரும் நேரில் பார்க்கவில்லை.

ஜெனிக்கு ஒரே நிபந்தனை. கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப் போவது அத்தை, நானல்ல. நியாயம்தான். அவள் அம்மா போனபோது ஜெனி கைக்குழந்தை. வளர்த்தது என் அக்கா கிரேஸ். நாசரேத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அங்கே தனியாக இருக்கிறாள்.

சாயங்காலம் அக்காவுக்குப் போன். கூடைவரை பொறுமையாகக் கேட்டாள். சிப்பிப் பாதை வந்ததும், “கோவில விட்டுட்டு கடக்கரையில கல்யாணமா? நான் வரலலே.” வைத்துவிட்டாள்.

ஜெனியிடம் சொன்னேன். சரிப்பா, வேலை இருக்கு என்றாள். அழுதிருந்தால் பரவாயில்லை.

ஜனவரி 4, ஞாயிறு

மேகமூட்டம். கோவிலில் (ஜெனிக்குச் சர்ச்) கல்யாணத்துக்கான முதல் ஓலை வாசிப்பு. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை சொல்வார் உண்டானால் சொல்லலாம் என்று போதகர் ஐயர் வாசித்து நிறுத்தினார். யாரும் சொல்லவில்லை. தடை சொல்ல இருந்த ஒரே ஆள் என் பக்கத்தில் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். காலில் கனத்த வெள்ளை சாக்ஸ். செருப்பை வாசலில் விடாமல் துணிப்பையில் போட்டு உள்ளேயே கொண்டுவந்து பெஞ்சுக்கடியில் வைத்தாள். திருட்டுப் பயமாம். பின்வரிசை அம்மாள் ஒருத்தி, “டீச்சருக்கு எங்க ஊரு குளிருதோ?” “ஆமா, குளிருது.” எனக்கு முதுகில் வேர்த்துக்கொண்டிருந்தது.

ஆராதனை முடிந்து ஐயரிடம் கடற்கரையைப் பற்றிக் கேட்டேன். கோவில் என்றால் நாளைக்கே சரி, வெளியே என்றால் மேலிடத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும், எழுதியாயிற்றா என்றார். ரோஷனுக்குப் போன் செய்தேன். அதெல்லாம் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் அங்கிள் என்றார்.

அக்கா முகத்தில் பெரிய திருப்தி. “ஐயரே சொல்லிட்டாரு.”

இரவு அக்காவின் பக்திக்கு மறுப்பாக பைபிள் வசன ஆதாரங்களோடு ஒரு வாதம் தயாரித்தேன். நன்றாக வந்திருக்கிறது.

வாங்க வேண்டியது: மல்லித்தூள், 9 வாட் பல்பு, வேட்டிக்குக் கிளிப்.

ஜனவரி 6, செவ்வாய்

அதே காற்று. ஜெனியும் அருணும் நேற்று வந்தார்கள், ரோஷன் இன்று. சாயங்காலம் ரிசார்ட்டில் ஒத்திகை. நாற்காலிகள் கடலைப் பார்த்து. கேமராவும் கடலைப் பார்த்து. ரோஷன் கறுப்புக் கண்ணாடி அணிந்து தயாராக நின்றார். நாங்கள் நால்வரும் கிழக்கே பார்த்துச் சூரியன் இறங்கக் காத்திருந்தோம். பிடரியில் சுள்ளென்று வெயில்.

வலை உதறிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேசியது காதில் விழுந்தது.

“ஏலே, இவிய என்னத்தப் பாத்துட்டு நிக்காவ?”

“கடலுக்குள்ள சூரியன் எறங்குமாம். அதப் பாக்காவளாம்.”

“காலைல வரச் சொல்லு. ஏறுததையாவது பாக்கட்டும்.”

ரோஷன் கண்ணாடியைக் கழற்றினார். “அங்கிள், சன் எங்க?”

“பின்னால.”

திரும்பிப் பார்த்தோம். உப்பளத்துக்கு அந்தப் பக்கம், உடைமரங்களுக்கு நடுவே, யாரையும் எதிர்பார்க்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

இந்தக் கரையில் பிறந்தவன் நான். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன். கார்டு வாசகத்தைப் பிழை திருத்தியதும் நான்தான். ‘வேளை’க்கு எந்த ‘ள’ என்று பார்த்தேன். கடல் எந்தத் திசை என்று பார்க்கவில்லை. அச்சில் இருந்தது, நம்பிவிட்டேன்.

சரி, சூரிய உதயத்தில் வைக்கலாம் என்றார் ரோஷன். அப்படியானால் மேக்கப் நடு ராத்திரியில் தொடங்க வேண்டும் என்றாள் ஜெனி. அருண் மேற்கே ஏதாவது கடல் இருக்கிறதா என்று போனில் தேடினான். இருக்கிறது. கேரளாவில்.

திரும்பும் வழியில் ஜெனி, சூரியன் எங்கே வேண்டுமானாலும் இறங்கட்டும், அத்தை வருவாளா என்றுதான் கேட்டாள்.

ஜனவரி 7, புதன்

காற்று தணிந்திருக்கிறது. ஜெனியோடு நாசரேத். மக்ரூன் வாங்கிப் போனேன். அக்கா பெட்டியை வாங்கி ஓரமாகக் கீழே வைத்தாள். அவளுக்குச் சுகர். எனக்குத் தெரியும்; பேக்கரி வாசலில் மட்டும் மறந்துபோகும்.

வாதத்தைத் தொடங்கினேன். மூன்றாவது வசனம்வரை போனேன். அக்கா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒன்றுக்கு இரண்டாக வசனம் சொல்லிப் பதில் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் அவள் முன்னால் நின்ற பெற்றோர்கள் எப்படி உணர்ந்திருப்பார்கள் என்று தெரிந்தது. ஜெனி சின்னப்பிள்ளையில் உட்கார்வதுபோல் அத்தை காலடியில் தரையில்.

மக்ரூனுக்கு எறும்பு வந்துவிட்டது. கட்டெறும்பு. ஒன்று அக்காவின் கட்டைவிரலைக் கடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது. அக்கா பரிசுத்த ஸ்தலத்தின் மேன்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

“அத்த, எறும்பு கடிக்கி.”

“எங்க?”

ஜெனி எறும்பைப் பிய்த்து எடுத்தாள். விரலில் ரத்தம் துளிர்த்தது. அக்கா அதைப் பார்த்தாள். பிறகு ஜெனியைப் பார்த்தாள். நான் நான்காவது வசனத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பாதத்தில் உணர்ச்சி போய்விட்டது. போன கோடையில் மணப்பாட்டுக் கடற்கரையில் சிப்பி குத்தியிருக்கிறது. தெரியாமலே நடந்து, பஸ் ஏறி, வீடு வந்து, தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்து யாருடையது என்று தேடியிருக்கிறாள். புண் ஆற மழைக்காலம் ஆகிவிட்டது. வெறுங்காலில் மணலில் இறங்கினால் காலை எடுக்கும்படி ஆகலாம் என்று டாக்டர். சுகர்காரர்கள் போடும் எம்.சி.ஆர். செருப்பு, கோவிலுக்குள் சாக்ஸ். அந்தச் செருப்பை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று துணிப்பை.

“சொல்லிருக்கலாம்லா, அத்த.”

“சிப்பியில பாத போடப்போறேன்னு அம்புட்டு ஆசையா இருந்த. நான் வந்து எங்காலு செத்துப்போச்சுன்னு சொல்லவா?”

“அதுக்கு வரவே மாட்டேன்னு சொல்லுவியளோ?”

“கோவில்னா ஒருத்தரும் எதுத்துப் பேச மாட்டாவன்னு நெனச்சேன்.” என் பக்கம் திரும்பி, “இவன் வசனத்தத் தூக்கிட்டு வாரான்.”

ஜெனி சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். வெளியே போய் ரோஷனுக்குப் போன் செய்தாள். சுவர் வழியாகக் கேட்டது. மணல் இல்லை, சிப்பி இல்லை, கூடை இல்லை. கல்யாணம் தூத்துக்குடியில் நம் கோவிலில். விருந்து ரிசார்ட் ஹாலில், செருப்போடு. சிப்பியைக் கோவில் நடைபாதையிலாவது தூவலாமா என்று கேட்டிருக்கிறார் போலும். போனை வைத்துவிட்டாள்.

பஸ்ஸில் நன்றாகத் தூங்கினேன். ஜெனி எழுப்பினாள்.

ஜனவரி 8, வியாழன்

வெயில். மாப்பிள்ளை வீட்டுக்குத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அருணின் அம்மா, அப்பாடா என்றார். காஞ்சிபுரம் பட்டுக்குள் மணல் போவதை நினைத்துத் தூக்கமில்லையாம். அவன் அப்பாவுக்குப் புது ஷூ. அதைக் கூடையில் போட மனமே இல்லையாம். கடற்கரை யோசனை ஜெனிக்குப் பிடித்ததென்று அருணும், அருணுக்குப் பிடித்ததென்று ஜெனியும் நினைத்திருக்கிறார்கள். முழு மனதாக விரும்பியவர் ரோஷன் ஒருவர்தான். கல்யாணம் செய்துகொள்வது அவரல்ல.

இனி யாராவது கேட்டால் சொல்ல:

இடத்தைப் பார்த்துவிட்டுப் பணம்.
ஐயரை முதலில் கேள், கூடைக்காரரைப் பிறகு.
கடல் எந்தப் பக்கம்?
வரமாட்டேன் என்பவரோடு வாதாடாதே. காலைப் பார்.

கூடைக்காரர் திருப்பி எடுக்க மாட்டார். முடைந்தாயிற்று அண்ணாச்சி என்கிறார். மாடியில் ஏற்றச் சொன்னேன்.

கார்டை நம்பாதீர்கள் என்று எல்லோருக்கும் வாட்ஸப்பில் செய்தி.

ஜனவரி 19, திங்கள்

காற்றே இல்லை. பிற்பகல் கல்யாணம்.

அக்கா பையில்லாமல் வந்தாள். கறுப்பு எம்.சி.ஆர். செருப்பு, ஊரறிய. போட்டுக்கொண்டே உள்ளே வாருங்கள் என்று ஐயர் சொல்லியும் கேளாமல் கோவில் வாசலில் கழற்றினாள். புது சாக்ஸ். ஜெனியின் கையை அவள் பிடித்தாளா, அவள் கையை ஜெனி பிடித்தாளா, தெரியவில்லை. மெதுவாக நடந்தார்கள். ஆர்கன் வாசித்தவர் பாட்டை முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

நான் முன்வரிசை. வேலை ஒன்றுமில்லை. கண்ணாடியை இரண்டு தடவை துடைத்தேன்.

எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அந்தச் செருப்பு வாசலில் மற்றச் செருப்புகளுக்கடியில் போயிருந்தது. கண்டுபிடிக்க நேரமாயிற்று. அதுவரை மாப்பிள்ளையும் பெண்ணும் காரில் ஏறவில்லை.

சாத்தான்குளத்து மைத்துனர் வாட்ஸப் பார்ப்பதில்லை. குடும்பத்தோடு கடற்கரைக்குப் போய்விட்டார். இருட்டும்வரை சூரியனுக்குக் காத்திருந்து, ஹாலில் வெளிச்சம் பார்த்துத்தான் விருந்துக்கு வந்தார்கள்.

ஜனவரி 20, செவ்வாய்

லேசான தூறல். தலைவலி. மீந்த பிரியாணி மூன்று வீட்டுக்கு.

அக்கா ஊருக்குக் கிளம்பினாள். போகும்போது மாடியிலிருந்து ஒரு கூடை எடுத்துவரச் சொன்னாள். நாசரேத் கோவில் வாசலில் செருப்பை விடுவதற்காம். மற்றவை மாடியில்தான். ஒன்றில் பூனை குட்டி போட்டிருக்கிறது.