தாயா, பிள்ளையா

1936 நவம்பர், திங்கள்

காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. மருத்துவச்சிப் பரீட்சையில் செய்முறை தேறிவிட்டேன். சனிக்கிழமை கட்டுரை. பிரஞ்சில், இரண்டு பக்கம்.

டாக்டர் எழுதிப் பழகச் சொன்ன கேள்வி: பிரசவத்தில் தாய், பிள்ளை இருவருக்கும் ஆபத்து என்றால் மருத்துவச்சி என்ன செய்வாள்? காரணம் தருக.

தாயை முதலில், என்று எழுதினேன். டாக்டர், "சரி, இப்படியே எழுது." பாடம் எடுக்கும் கன்னியாஸ்திரீ மாசேர், அதே வரியைச் சிவப்பு மையால் அடித்துவிட்டார். பரீட்சைத் தாளைத் திருத்தப்போவது இருவரும்தான்!

செவ்வாய்

பூசை முடிந்து பங்குச் சாமியாரிடம் கேட்டேன்.

"ரெண்டு உசுரும் ஆண்டவர் குடுத்தது, ரோசாலி. ஒண்ணக் கொன்னு ஒண்ணக் காப்பாத்தக் கூடாது."

"கொல்றதில்ல சாமி. எத மொதல்ல பாக்கறதுன்னுதான்..."

"ரெண்டையும் பாரு."

எந்தக் கையால் என்று கேட்கவில்லை. சோப்பு, நூல் வாங்க வேண்டும். பிரஞ்சில் 'பிரசவம்' இன்னும் எழுத்துப்பிழை.

புதன்

முதலியார்பேட்டை, என் கூடப்பிறந்த பிலோமின் அக்கா வீடு. தலைச்சன், நாள் நெருங்கிவிட்டது. வயிற்றைத் தடவிப் பார்த்தேன். பிள்ளையின் தலை மேலே. ஆஸ்பத்திரிக்கு வா என்றேன். அக்காவின் மாமியார்: "நீ இருக்கும்போது ஆஸ்பத்திரி எதுக்கு?"

வெள்ளி

நேற்று எழுதவில்லை. வியாழன் விடிந்ததும் அக்காவுக்கு வலி. மழையில் வண்டி கிடைக்கவில்லை. அக்கா புருஷன் சூசை மச்சான் டாக்டரைத் தேடி ஓடினார். கால் முதலில் வந்தது. தலை சிக்கியது.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து, "என்னைய விடுடி. புள்ளய எடு."

"பேசாத. முக்கு."

பெண். நீலம். அழவில்லை. அக்காவுக்கோ நிற்காமல் இரத்தம். பிள்ளையை மாமியாரிடம் நீட்டி, "முதுகத் தேயுங்க, வாயில ஊதுங்க" என்றேன். அக்காவின் அடிவயிற்றை அழுத்திப் பிசைந்தேன். வெகுநேரம். இரத்தம் நின்றது. திரும்பினேன். மாமியார் தலையை ஆட்டினார். உயிர் இருந்ததோ இல்லையோ, பிள்ளையின் நெற்றியில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தேன்.

"அழுதுச்சா?" அக்கா.

டாக்டர் வந்து, "நீ செஞ்சதுதான் சரி." இன்று அடக்கத்தில் சாமியாரும், "ஒம்மேல தப்பில்ல." இப்போது இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள். எனக்குத்தான் விளங்கவில்லை. என்னைக் கண்டால் அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறாள்.

சனி

பரீட்சை எழுதிவிட்டு வந்தேன். அதே கேள்வி. தாயை முதலில், என்று எழுதினேன். காரணம்? 'அவள் என் அக்கா' என்று எழுதி, அடித்தேன். பிறகு பாடத்தில் இருந்த காரணங்கள், வரிசையாக. தாளை வாங்கிய மாசேர் அடித்த இடத்தையே பார்த்தார்.

வாசலில் மச்சான் வந்து நிற்கிறார். சொட்டச் சொட்ட நனைந்து.

"பால் கட்டிக்கிட்டு மாரெல்லாம் கல்லா இருக்குதாம். துடிக்கிறா. எங்கம்மாவத் தொட விடல. ஒன்னத்தான் வரச் சொன்னா."