மனந்திரும்பாத ஜெபாவுக்கு

என் செல்லத் தங்கச்சி ஜெபா,

உன்மேல் எனக்கு இன்னும் பொறாமை தீரவில்லை. செத்துப்போனவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது உன்னிடம் சொல்லாததை இப்போது நாலு பேர் அறிய எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

உனக்குப் பதினோரு வயது, எனக்குப் பதினைந்து. பள்ளிக்கூட வரிசையில் நின்றவள் அப்படியே சாய்ந்தாய். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது, வாயில் நுரை தள்ளியது. அப்பா உன்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் சபைக்குக் கொண்டுபோனார். பேரையூரில் அண்ணன் தம்பிகளையும் குலசாமியையும் விட்டுவிட்டுப் புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் அல்லவா, வேகம் கொஞ்சம் அதிகம். "பிள்ளைக்குள்ள சாத்தான் பூந்துட்டான்" என்றார்கள். அப்பா தலையாட்டினார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை மத்தியானமும் நம் திருநகர் வீட்டில் ஜமுக்காளம் விரித்து உன்னைப் படுக்கவைத்தார்கள். உன் தலை அம்மா மடியில் இருக்கும். சுற்றி உட்கார்ந்து சத்தமாக ஜெபிப்பார்கள். "வெளிய போ" என்று உன் கன்னத்தில் அறைவார்கள். என்னிடம் உன் கால்களைப் பிடிக்கச் சொன்னார்கள்.

பிடித்தேன். வேண்டியதைவிட இறுக்கமாகவே பிடித்தேன். ஏனென்றால் அந்த வருடம் முழுக்க அம்மாவின் மடி உன்னுடையதாகவே இருந்தது. எனக்குக் காய்ச்சல் கொதித்த அன்றுகூட, "மாத்திரையைப் போட்டுட்டுப் படுடி" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனாள். எனக்கும் வலிப்பு வரட்டும் என்று முழங்காலில் நின்று ஜெபித்திருக்கிறேன், ஜெபா. வரவில்லை.

கடைசியில் உன் கிளாஸ் டீச்சர் வீட்டுக்கே வந்து சண்டை போட்டுத்தான் டாக்டரிடம் போனோம். மாத்திரை ஆரம்பித்த மூன்றாம் மாதம் வலிப்பு நின்றது. சபையில் அதை அற்புதம் என்றார்கள். சாட்சி சொல்ல உன்னை மேடையில் ஏற்றினார்கள். நீ மைக்கைப் பிடித்து, "டாக்டர் குடுத்த மாத்திரையிலதான் சரியாச்சு. டெய்லி ரெண்டு வேளை போடுறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டாய்.

அப்பா உன்னோடு ஒரு மாதம் பேசவில்லை. நானோ அன்றிலிருந்து உன்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்தேன். நர்ஸிங் படிக்கிறேன் என்று சொல்ல எனக்கும் ஒரு வாய் இருந்தது. அப்பா மாப்பிள்ளை பார்த்துவிட்டேன் என்றதும் அந்த வாய் "சரிப்பா" என்றுதான் சொன்னது. உனக்கு மட்டும் எப்படி வந்தது அந்தத் துணிச்சல்?

அப்பா இறந்த மறு வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ அம்மா வீட்டுக்கு வந்தாய்; நானும் வந்திருந்தேன். சிம்மக்கல்லில் பிளக்ஸ் கடையில் பேனர் டிசைன் செய்துகொண்டு, அங்கேயே மாடியறை எடுத்துத் தங்கியிருந்த காலம் அது. சாப்பிட உட்கார்ந்ததும், "யார் மூலமாவது உங்களுக்குத் தெரியுறதுக்கு முன்னாடி நானே சொல்லிடுறேன். நான் சாத்தானிஸ்ட்" என்றாய்.

அம்மா முதலில் கறிக்குழம்புச் சட்டியை மூடினாள். அப்புறம்தான் அழுதாள்.

"ஆடு கோழி எல்லாம் அறுப்பீங்களாடி?" என்று கேட்டேன்.

நீ சிரித்துவிட்டாய். "கெடா வெட்டுறது நம்ம பேரையூர் பெரியப்பாதான். நாங்க டீ குடிப்போம், பேசுவோம், அம்புட்டுத்தான். சாத்தான்னு ஒருத்தன் இருக்கான்னே நாங்க நம்பலக்கா."

"அப்ப எதுக்குடி அந்தப் பேரு? சாமி இல்லைன்னு மட்டும் சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே?"

"பதினோரு வயசுல நீங்க எல்லாரும் சேந்து எனக்கு வச்ச பேருக்கா அது. நான் பாட்டுக்கு அதை எடுத்துக்கிட்டேன்" என்றாய். கொஞ்சநேரம் சோற்றைப் பிசைந்துவிட்டு, "என்னைய அடிச்சவங்க எல்லாம் கடவுள் பேரைச் சொல்லித்தான் அடிச்சாங்க. சாத்தான் பேரைச் சொல்லி யாரும் என்னையத் தொட்டதுகூட இல்ல. அவன் யாருக்கும் குனிஞ்சு கும்பிட மாட்டேன்னு சொன்னவன்னுதான் கதையில வருது. எனக்கு அந்த ஆளைப் பிடிச்சுப்போச்சு" என்றாய்.

நான் உன்னைத் திட்டித் தீர்த்தேன். அம்மாவுக்காகத் திட்டுகிறேன் என்று நீ நினைத்திருப்பாய். குனிய மாட்டேன் என்று சொல்ல உனக்கு ஒரு பேர் கிடைத்துவிட்டதே, குனிந்தே பழகிய எனக்கு என்ன பேர் இருக்கிறது என்கிற ஆத்திரம்தான் அது.

பிறகு ஒரு நாள் காலையில் கடை முதலாளி போன் செய்தார். குளிக்கப் போன இடத்தில், இத்தனை வருடம் கழித்து மறுபடியும் வலிப்பு வந்து விழுந்திருக்கிறாய்; தூக்கும்போதே உயிர் இல்லை. பத்து மணிக்கு உன்னை நம் வீட்டு ஹாலில் கிடத்தியிருந்தோம்.

பாஸ்டர் வந்தார். புதியவர், நல்ல மனிதர், குரல் உயர்த்த மாட்டார். என்னையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். "சிஸ்டர், அப்பா கல்லறைக்குப் பக்கத்துலயே தங்கச்சியை வைக்கணும்னு எனக்கும் ஆசைதான். ஆனா அவங்க தன்னை என்னன்னு சொல்லிக்கிட்டாங்கன்னு சபையில எல்லாருக்கும் தெரியும். கடைசியில மனந்திரும்பிட்டாங்கன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கமிட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."

"சொல்லிருடி எஸ்தரு. உங்கப்பா பக்கத்துல கிடக்கட்டும்டி" என்று அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சொல்வதற்குத்தான் வாயைத் திறந்தேன். அப்போது ஹாலில் யாரோ "செல்வி, செல்வி" என்று கதறியது கேட்டது. எட்டிப் பார்த்தேன். நான் ஒருமுறைகூடப் பார்த்திராத நாலு பேர். ஒரு பெண் உன் காலடியில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். ஜெபசெல்வி என்று அப்பா வைத்த பேரில் ஜெபத்தை எடுத்துவிட்டு, அந்த நாலு பேருக்கும் நீ செல்வியாக இருந்திருக்கிறாய். எனக்குத் தெரியாத ஒரு செல்வி!

வயிறு எரிந்தது, ஜெபா. நான் பொய் சொன்னால் அந்த நாலு பேருக்கும் அது பொய் என்று தெரிந்துவிடும். உன்னைத் தெரிந்தவர்கள் அவர்கள்தான், சொந்த அக்காவுக்கு ஒன்றும் தெரியாது என்று ஆகிவிடும். அதை என்னால் தாங்க முடியவில்லை. நியாயத்துக்காகப் பேசினேன் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். இல்லை. பொறாமையில்தான் பேசினேன்.

"அவ மனந்திரும்பல பாஸ்டர். திரும்புற மாதிரி அவ எந்தத் தப்பும் பண்ணல" என்றேன்.

அம்மா என் கையை உதறிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். பாஸ்டர் தலைகுனிந்து ஜெபித்துவிட்டுப் போய்விட்டார். இனி உன்னை எங்கே கொண்டுபோவது? ஹாலுக்கு வந்து, சபைக் கல்லறையில் இடம் இல்லை என்று சொன்னேன். அப்பா மதம் மாறியதிலிருந்து நம் வீட்டில் பச்சைத்தண்ணிகூடக் குடிக்காத பெரியப்பா, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார்.

"இதுக்கா இம்புட்டு நேரம்? எம் பொறந்தவன் மகளுக்கு எம் புஞ்சையில ஆறடி இல்லாமப் போச்சா? தூக்குங்கப்பா."

பேரையூரில் பருத்தி எடுத்து முடிந்த காட்டின் ஓரத்தில் உன்னைப் புதைத்தோம். ஜெபமும் இல்லை, சங்கும் இல்லை. அந்த நாலு பேரும் ஆளுக்கு ஒரு கைப்பிடி மண் போட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நான் முந்திக்கொண்டு போட்டேன்.

மூன்று மாதம் கழித்து, உன் காலடியில் அழுத அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். வித்யா. வீட்டுக்குள் அவள் அம்மாவிடம் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொல்லிவிட்டு வந்து எனக்குக் காப்பி கொடுத்தாள். அவள் ஏன் சாத்தானிஸ்ட் என்ற பேரை எடுத்தாள் என்று கேட்டேன்.

"எங்க அப்பா போனதுக்கப்புறம் ஒரு விசேஷத்துல அம்மா கொண்டுபோன தாம்பாளத்தை ஓரமாத் தள்ளி வச்சாங்கக்கா. சாமிக்கு ஆகாதுன்னாங்க. அப்ப சாமிக்கு ஆகாதவங்க பக்கம் நான் இருந்துக்கிறேன்னு வந்தேன். எங்கள்ல ஒருத்தன் சத்தமான பாட்டுக்கும் கறுப்புச் சட்டைக்கும் வந்தான். இன்னொருத்தர் வீட்டுல இருக்கவங்களைக் கடுப்பேத்துறதுக்கே வந்தார். எல்லாருக்கும் ஒரே காரணம் இல்லக்கா."

அடுத்துக் கேட்கவே கூடாது என்று நினைத்திருந்ததைக் கேட்டுவிட்டேன். "என்னையப் பத்தி ஏதாவது சொல்லியிருக்காளா?"

"நிறைய. அந்தச் சனிக்கிழமைங்கள்ல அக்கா கைதான் ரொம்ப இறுக்கமா இருக்கும், அக்கா என்னைய விடலைன்னு நெனச்சுக்கிட்டே கிடப்பேன்னு சொல்லுவா."

காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன். நீ நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாயா? இல்லை, எல்லாம் தெரிந்தும் உன் சிநேகிதர்களிடம் என்னை விட்டுக்கொடுக்கவில்லையா? யாரிடம் போய்க் கேட்பேன்?

அம்மா ஆறு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. போன வாரம் பேரையூர் போய்வரலாமா என்று அவளாகவே கேட்டாள். காட்டோரம் உட்கார்ந்து உனக்கு ஒரு பாட்டுப் பாடினாள். உனக்குப் பிடிக்காத கீர்த்தனைதான், பொறுத்துக்கொள். நான் இன்னும் சபைக்குப் போகிறேன். ஆண்டவரை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. உன்னையும் விட்டுவிட வரவில்லை. அவர் என்னைப் புரிந்துகொள்வார் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

போன ஞாயிறு சபைக்கு ஒரு குடும்பம் புதிதாக வந்தது. ஒன்பது வயதுப் பெண்ணுக்கு வலிப்பு. ஆராதனை முடிந்ததும் சுற்றி நின்று சத்தம் போட ஆரம்பித்தார்கள். நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், "ஜெபம் வீட்டுல பண்ணிக்கலாம். முதல்ல டாக்டர்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. செவ்வாய்க்கிழமை அந்தத் தாயோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளைக்கு ஓர் அக்கா இருக்கிறாள், ஜெபா. பன்னிரண்டு வயது இருக்கும். எல்லோரும் தங்கையைச் சூழ்ந்து நின்றபோது அவள் ஒதுங்கி நின்று தன் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும்.

உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். செவ்வாய்க்கிழமை அந்த அக்காவையும் கூட்டிக்கொண்டு போவேன். அவளை என் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் சாப்பிட்டாளா என்று முதலில் கேட்பேன்.

இப்படிக்கு,
உன்மேல் பொறாமை தீராத உன் கூடப்பிறந்தவள்,
எஸ்தர் அக்கா