ஊசி போடும் காட்சி

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

திரைக்கதை வந்து சேர்ந்தது. இத்தனை நாள் போனை எடுக்காத உனக்கு, கொள்ளைநோய்ப் படம் என்றதும் அக்கா வைரஸ் ஆய்வுக்கூடத்தில் இருப்பது ஞாபகம் வந்திருக்கிறது. சந்தோஷம். 'அறிவியல் ஆலோசனை' என்று திரையில் போட ஒரு பெயர் வேண்டும், அவ்வளவுதானே?

உன் ஹீரோ நோயாளியின் முகத்துக்கு நேரே மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வசனம் பேசுகிறான். சாயங்காலத்துக்குள் தடுப்பூசியும் கண்டுபிடிக்கிறான். எங்கள் கூடத்தில் ஃப்ரீசரைப் பழுது பார்க்கவே ஒரு மாதம் ஆகிறது.

அக்கா

மார்ச் 11

அன்புள்ள அக்கா,

திட்டி முடித்தாயா? மாஸ்க் விஷயத்தைச் சொன்னேன். "மூஞ்சிய மூடிட்டா எனக்கு எதுக்கு சார் சம்பளம்?" என்கிறான் ஹீரோ.

பெயருக்காக இல்லை. எனக்கு இதெல்லாம் தெரியாது, உனக்குத் தெரியும். நீ எழுதித் தா, அப்படியே எடுக்கிறேன்.

உன் தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

'அப்படியே' என்று சொன்னவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் திருத்தங்களை அனுப்பியிருக்கிறேன். கடைசிக் காட்சியை நானே புதிதாக எழுதியிருக்கிறேன்: வைரஸைக் கொல்ல, நோயில் கிடக்கும் சிறுமிக்கு ஆன்டிபயாட்டிக் ஊசி போடுகிறார்கள்; காலையில் எழுந்து உட்கார்கிறாள். கவனமாகப் படி.

அக்கா

மே 2

அன்புள்ள அக்கா,

ஊசி போடும் காட்சியை எடுத்துவிட்டோம். செட்டில் ஒரே ரகளை! உதவிக்கு வந்த டாக்டர், "ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்குத்தாங்க. வைரஸை ஒண்ணும் பண்ணாது. ஸ்கூல் பிள்ளைங்களே சிரிக்கும்" என்றார். எனக்கு வந்ததே கோபம். "எங்கக்கா இருபது வருஷமா வைரஸோட குடும்பம் நடத்துறாங்க. உங்களுக்குத் தெரிஞ்சது அவங்களுக்குத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். மனிதர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஹீரோ கடைசிவரை மாஸ்க்கைக் கழற்றவில்லை, சத்தியமாக!

உன் தம்பி

மே 6

தம்பி,

அந்த டாக்டரிடம் மன்னிப்புக் கேள். அவர் சொன்னதுதான் சரி. நீ படிக்கிறாயா, என் பெயர் மட்டும் போதுமா என்று பார்க்க, அந்தத் தப்பை வேண்டுமென்றே எழுதினேன். படித்தால் போன் செய்து கேட்பாய் என்று நினைத்தேன். கேட்காமலே நம்புவாய் என்று தோன்றவில்லை.

காட்சியை வெட்டிவிடு.

அக்கா

மே 19

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவரே வந்து நின்று காட்சியைத் திருத்திக் கொடுத்தார். மறுபடி எடுத்துவிட்டோம். உங்கள் பெயர் திரையில் வரும்; கவலைப்பட வேண்டாம்.

நீங்கள் அனுப்பிய மற்றத் திருத்தங்களையும் அவரிடம் கொடுத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

தங்கள் தம்பி