நான்கு சேவல்களின் மரணமும் என் மருமகனும்

அனுப்புநர்:
ஆதம்பாவா மீராசா,
ஓய்வுபெற்ற நீதிமன்றப் பிஸ்கால்,
கடற்கரைப் பள்ளி ஒழுங்கை,
கல்முனைக்குடி.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
சிறு முறைப்பாடுகள் பிரிவு,
பிரதேச பொலிஸ் நிலையம்.

விடயம்: எமது ஒழுங்கை வீடுகளில் அடுத்தடுத்து நடந்த நான்கு சேவல் கொலைகளுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பு உண்டா என விசாரித்து, எனது மருமகனின் பெயரில் பட்ட கறையை எழுத்து மூலம் துடைத்துத் தருமாறு கோரல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கோடு கச்சேரிகளில் அழைப்பாணை கொண்டுபோய்க் கொடுத்தே தலை நரைத்தவன் நான். பிறர் வீட்டு வழக்குகளை வாசலில் நின்று பார்த்துப் பழகிய எனக்கு, என் வீட்டு வாசலிலேயே ஒரு வழக்கு வந்து உட்காரும் என்று நினைத்திருக்கவில்லை. தாங்கள் வெளி மாவட்டத்திலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்தவர் என்று அறிகிறேன். ஆகவே ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அப்படி வந்த மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குத் திரும்பிப் போனால், அது பெண் வீட்டார் தலைநிமிர்ந்து நடக்க முடியாத காரியம்.

2. எனது ஒரே மகள் அப்னாவை மணம் முடித்தவர் அக்கரைப்பற்றைச் சேர்ந்த ஜனாப் றம்ஸீன். ஒலுவில் பல்கலைக்கழக நூலகத்தில் உதவியாளராக இருக்கிறார். சத்தம் போடாத இடத்தில் வேலை செய்பவர். சத்தம் போடாத மனிதர். அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சிறிது காலத்திலேயே, அடுத்த வளவு நஸீறா என்பவரின் செஞ்சேவல் கழுத்தில் காயத்துடன் செத்துக் கிடந்தது. அடுத்து, எதிர்வீட்டு றவூப் காக்காவின் சேவல். அடுத்து, போன சேவலுக்குப் பதிலாக நஸீறா வாங்கிவிட்ட புதுச் சேவல். அது எங்கள் ஒழுங்கைக்கு வந்து முகம் பழகுவதற்குள்ளேயே அதே காயத்துடன் போய்விட்டது.

3. மூன்றும் கத்தி படாமல், பிஸ்மில்லாஹ் சொல்லாமல் செத்தவை. ஆகவே எவருக்கும் உண்ண ஆகாதவை. களவாக எடுத்துத் தின்றிருந்தால் பசி என்று விட்டிருக்கலாம். தின்னாமல் கொன்றதுதான் நஸீறாவுக்குத் தாங்க முடியாமற் போனது. அவர் ஒழுங்கை நடுவில் நின்று, "மாப்புள வந்த நாளையில இருந்துதான் இந்த அநியாயம். மூணுக்கும் கை ஒண்டுதான்" என்று பகிரங்கமாக அறிவித்தார்.

4. இதற்கு அவர் முன்வைத்த சான்றுகள் இரண்டு.

(அ) மருமகன் வந்த புதிதில், மதிலோரம் நின்று பல் தீட்டியபடி என்னிடம், "இந்தச் சேவலுகள் சுபஹுத் தொழுகைக்கு முந்தியே தொடங்குது மாமா, கொஞ்சம் பொறுத்துக் கூவினா நல்லம்" என்று சொன்னது. மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீறா நின்றதை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை. இது கொலை மிரட்டல் என்கிறார் அவர். இது ஒரு வேண்டுகோள் என்பதே எனது தாழ்மையான கருத்து.

(ஆ) ஒவ்வொரு சேவல் செத்த நாளிலும் எங்கள் அடுப்பங்கரையில் இருந்து கோழிக்கறி வாசம் வந்தது. ஐயா, வந்தது உண்மைதான். மறுக்கவில்லை. ஆனால் புது மாப்பிள்ளை இருக்கும் வீட்டில் கோழிக்கறி வாசம் வராத நாள் எது? என் மனைவி ஹாஜறா காலைக்கு ரொட்டியும் கோழியும், பகலுக்குச் சோறும் கோழியும், இரவுக்கு இடியப்பமும் கோழியுமாக மருமகனைக் கவனித்து வந்தார். அத்தனையும் சந்தையில் வாங்கி முறைப்படி அறுத்தவை. செத்த சேவல்கள் முழுதாகக் கிடந்ததை நஸீறாவே கண்டவர். எந்த நாளில் எவர் வீட்டுச் சேவல் செத்திருந்தாலும் இந்தச் சான்று எங்களுக்கு எதிராகவே நின்றிருக்கும்.

5. அப்போது நான் எடுத்த நிலைப்பாட்டையும் மறைக்காமல் எழுதுகிறேன். பள்ளிவாசல் முன்றலில் பத்துப் பேர் கூடியிருக்கையில், மூன்று மரணங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று வாதாடினேன். முதலாவது நாய், இரண்டாவது நோய், மூன்றாவது புது இடம் ஒத்துக்கொள்ளாமை என்றேன். "புது இடம் ஒத்துக்காட்டிக் கழுத்துல காயம் வருமா?" என்று றவூப் காக்கா கேட்டார். அஸர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

6. இந்த நிலையில் என் மகள், கணவனைக் காப்பாற்ற எண்ணி, ஒரு குடும்ப இரகசியத்தை மதிலுக்கு மேலால் வெளியிட்டுவிட்டாள். எங்கள் வீட்டில் மாமியார் மாப்பிள்ளையுடன் நேருக்கு நேர் கதைப்பதில்லை. ஹாஜறா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றே பரிமாறச் சொல்வார். போதும் என்று சொல்ல மருமகனுக்கும் வாய் வரவில்லை. வைத்ததையெல்லாம் தின்று தின்று, மனைவியிடம் மட்டும் புலம்பியிருக்கிறார். அப்னா நஸீறாவிடம், "அவருக்கு இப்பக் கோழியக் கண்டாலே வயித்தப் பெரட்டுது. அவர் போய்ச் சேவலத் தொடுவாரா மாமி?" என்று கேட்டாள். நஸீறா ஒரு கணமும் யோசிக்காமல், "அதுதான் புள்ள காரணம். ஊருல கோழி இல்லாட்டிக் கறியும் இல்லதானே!" என்றார்.

7. அதுவரை நோக்கம் இல்லாத வழக்குக்கு அன்று நோக்கமும் கிடைத்துவிட்டது. மறுநாள் மருமகன் மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகையில், சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்த சிலர் சேவல் போலக் கூவியுள்ளனர். மாலையில் திரும்பி வரும்போதும் கூவியுள்ளனர். அவர் வீட்டுக்கு வந்து, பெட்டியை அடுக்கி, "மாமா, ஸலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அக்கரைப்பற்றுக்குப் போய்விட்டார். ஹாஜறா அன்று சமைத்த கோழியை எவரும் தொடவில்லை.

8. அவர் போன பின்பு ஒரு காலை, எனது சொந்தச் சேவல் அதே மாதிரிக் கழுத்துக் காயத்துடன் கிணற்றடியில் செத்துக் கிடந்தது. என் மருமகன் இல்லாத நேரத்தில் நடந்த கொலை! அவர் குற்றமற்றவர் என்பதற்கு அல்லாஹ் அனுப்பிய ஆதாரம்! அதைக் கண்ட மகிழ்ச்சியில் நான் வாய்விட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிவிட்டேன். ஒரு தரம் அல்ல, பல தரம். வழமை போல மதிலுக்கு அந்தப் பக்கம் நஸீறா இருந்தார்.

9. இப்போது அவர் சொல்வது: முதல் மூன்று கொலைகளும் மாப்பிள்ளை செய்தவை, நான்காவது, மாப்பிள்ளையைத் தப்ப வைக்க மாமனார் செய்தது. "தன்ட சேவல் செத்துக் கிடக்க அல்ஹம்துலில்லாஹ் சொல்ற மனிசன உலகத்துல கண்டிருக்கீங்களா?" என்று வீடு வீடாகப் போய்க் கேட்கிறார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் தங்களது கவனத்துக்கு ஒன்றைக் கொண்டுவர விரும்புகிறேன். முன்பு எல்லாவற்றுக்கும் கை ஒன்று என்றவர் இன்று கை இரண்டு என்கிறார். முன்பு தொடர்பே இல்லை என்ற நான் இன்று நான்குக்கும் ஒரே கொலையாளிதான் என்று உறுதியாகச் சொல்கிறேன். நிலைப்பாட்டை மாற்றியவர் நான் மட்டும் அல்ல என்பதைத் தயவுடன் குறித்துக்கொள்ளவும்.

10. அக்கரைப்பற்றிலும் மருமகன் போன பிறகு ஒரு கோழி இறந்திருப்பதாக நஸீறா தன் உறவினர் மூலம் தகவல் எடுத்துள்ளார். விசாரித்துப் பார்த்தேன். தகவல் உண்மை. அது, மகன் வந்துவிட்டானே என்று அவரது உம்மா அறுத்துச் சமைத்த கோழி. பாவம், அங்கு போயும் அவருக்கு விடுதலை இல்லை. அந்த மரணத்தை இந்த வரிசையில் சேர்க்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

11. நான்காவது உடலை ஈரச்சாக்கில் சுற்றி மிருக வைத்தியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். காயம் பல்லால் ஆனது, கீரியாக அல்லது மரநாயாக இருக்கலாம், ஆனால் மற்ற உடல்களைப் பார்க்காமல் நான்கும் ஒன்று என்று எழுதித்தர முடியாது என்றார். நஸீறாவின் செஞ்சேவல் அவரது முருங்கை மரத்தடியில் புதைக்கப்பட்டுள்ளது. தோண்ட அனுமதி கேட்டேன். "மையத்தத் தோண்டக் கேக்கிற அளவுக்கு வந்திட்டீங்களா மீராசாக் காக்கா?" என்று சொல்லி அழுதுவிட்டார். அந்தச் சேவலைக் குஞ்சிலிருந்து கையில் வைத்துத் தீனி கொடுத்து வளர்த்தவர் அவர். அந்த அழுகையைக் கண்டதும் எனக்கும் மனம் இளகிப் போனது. ஆயினும் நீதி வேறு, இளக்கம் வேறு.

12. மருமகனுக்குத் தொலைபேசி எடுத்து, நான்காவது சேவலின் நல்ல செய்தியைச் சொன்னேன். "பொலிஸ் எழுத்துல தந்தாத்தான் வருவன் மாமா. இல்லாட்டிச் சந்தியால எப்பிடிப் போற?" என்றார். நூலகத்தில் இருப்பவர் அல்லவா, எதுவும் எழுத்தில் இருந்தால்தான் அவருக்கு நம்பிக்கை.

13. ஆகவே தங்களிடம் பணிவுடன் கோருவது:

(அ) நான்கு கொலைகளையும் ஒரே கோவையில் சேர்த்து விசாரிக்கவும்.

(ஆ) முருங்கையடியைத் தோண்டுவதற்கு நஸீறாவின் மனம் நோகாத ஒரு வழியைக் கண்டறியவும்.

(இ) தேவைப்பட்டால் மருமகனின் பல்வரிசையைக் காயத்துடன் ஒப்பிடவும். முன்பல் ஒன்று கட்டிய பல் என்பதைக் கருத்திற்கொள்ளவும்.

(ஈ) சந்தியில் கூவியவர்களைக் கூப்பிட்டு எச்சரிக்கவும். இவர்களில் ஒருவர் என் சொந்த மச்சான் என்பதால் அவரை மட்டும் கொஞ்சம் கூடுதலாக எச்சரிக்கவும்.

(உ) கீரியோ மரநாயோ பிடிபடாவிட்டாலும் பரவாயில்லை. மருமகன் குற்றமற்றவர் என்று ஒரு கடிதம், உத்தியோகபூர்வ முத்திரையுடன் தரவும்.

14. கடைசியாக ஒன்று. இம்மனுவை எழுதி முடித்து என் மகளுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாம் நேர்த்தியாக இருக்கிறது என்பாள் என எதிர்பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வாப்பா, அவர் ஊருச் சேவலெல்லாத்தையும் கொன்னிருந்தாலும் எனக்குக் காரியமில்ல. அவர வரச் சொல்லுங்க" என்றாள். இக்கூற்றை வழக்குக்கான சாட்சியமாகக் கொள்ள வேண்டாம் என்று தங்களை மன்றாடுகிறேன். ஆனாலும் அதை இம்மனுவிலிருந்து வெட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

இடம்: கல்முனைக்குடி
திகதி: 14.10.2024

தங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
(ஒப்பம்) ஆ. மீராசா
மனுதாரரும் மாமனாரும்

பிரதிகள்:
1. தலைவர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபை — தகவலுக்காக.
2. ஜனாப் றம்ஸீன், அக்கரைப்பற்று — 14ஆம் பந்தியைக் கவனத்திற்கொண்டு உடனடி நடவடிக்கைக்காக. மாமி மீன் வாங்கி வைத்திருக்கிறார்.