ஊர்வலத்துக்குப் பின்னால் ஒரு கார்

அன்பு மகள் வெலிண்டாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. அந்தப் பனி ஊரில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லாரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் சொல்லலாம், ஆனால் உன் அம்மா காதை நீட்டிக்கொண்டு நிற்பாள், உன் தங்கை கியேராவும் அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறாள், அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நம் ஊர் ஊர்வலம் நடந்தது. உனக்குத் தெரிந்ததுதான், சர்ச்சில் கிளம்பி, ஓட்டுரிமை கேட்டுப் போன நம் கறுப்பு ஆட்களை அந்தக் காலத்துப் போலீஸ் அடித்து விழுத்தாட்டிய பஞ்சுக் கிடங்கு வளைவில் எல்லாரும் நடுரோட்டில் மண்டியிட்டு ஜெபித்து, கோர்ட்டு வாசலில் மீன் வறுவல் சாப்பாட்டோடு முடிப்பது. இந்த வருஷம் கியேரா, நான் ஆஸ்பத்திரி முன்னாலதான் மண்டியிடுவேன் என்று பிடிவாதமாக நின்றாள். அவளுக்கு எட்டாம் மாதம், ரத்த அழுத்தம் வேறு, புருஷன் லாரியோடு டெக்சாஸ் பக்கம் போயிருக்கிறான், அந்த ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டை மூடிவிட்டார்கள், வலி எடுத்தால் மாண்ட்கமரி டவுனுக்கு அறுபது மைல் ஓட வேண்டும். அவள் கேட்டதில் என்ன தப்பு. பாஸ்டர் காலவேயிடம் போய்ச் சொன்னேன். அவர் என் தோளில் கையைப் போட்டு, ஆல்வின், இன்னைக்கு அந்தக் காலத்துல செத்தவங்களை நினைக்கிற நாள், இது வேற விஷயம், அதையும் இதையும் கலக்காதப்பா என்றார். பிறக்கப் போகிறவர்களுக்கு எந்த நாள் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார். வார்டை மூடக் கை தூக்கிய அதே கவுன்டி சபை ஆட்கள் முன்வரிசையில் கை கோத்துப் போனார்கள், அதில் பாதிப் பேர் நம் நிறம்தான், அதுதான் வயிற்றெரிச்சல்.

கியேராவால் முழுத் தூரம் நடக்க முடியாதென்று காரை ஆஸ்பத்திரி ஓரமாக நிறுத்தி அங்கேயே காத்திருந்தோம். ஊர்வலம் வந்ததும் அவளும் உன் அம்மாவும் நானும் மீன் ஆலையில் வேலை செய்யும் மூன்று பெண்களும் ரோட்டில் மண்டியிட்டோம். ஒருவரும் நிற்கவில்லை. பள்ளிக்கூட பாண்டுக்காரர்கள் இரண்டாகப் பிரிந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். பக்கத்து வீட்டு ஓட்டிஸ், என்ன ஆல்வின், ஷூ லேஸ் கட்டுறியா, சீக்கிரம் வா, கெளுத்தி வறுவல் ஆறிப்போகும் என்று சொல்லிக்கொண்டே நடந்தான். கடைசி ஆளும் கடந்த பிறகு கியேராவை எழுப்பினால் அவளால் நிற்க முடியவில்லை. தலை பிளக்குதுப்பா, கண்ணு முன்னால பொறி பொறியா வருது என்றாள். முகமும் கையும் வீங்கியிருந்தன.

எதிரே இருந்த ஆஸ்பத்திரியில் பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க டாக்டர் இல்லை, காரில் ஏற்றினேன். மாண்ட்கமரிக்குப் போக அந்த ஒரே ரோடுதான், அதில் ஊர்வலம். பின்னால் ஊர்ந்துகொண்டே ஹாரன் அடித்தேன். வருஷா வருஷம் காரில் போகிறவர்கள் மரியாதைக்கு அடிப்பார்கள் இல்லையா, அப்படித்தான் நினைத்தார்கள். திரும்பிப் பார்த்து முஷ்டியை உயர்த்தினார்கள், பாட்டை இன்னும் பலமாக எடுத்தார்கள், ஒருத்தி எனக்கு முத்தம் பறக்கவிட்டாள். உன் அம்மா இறங்கி ஓடிக் கத்தினாள், அவள் குரலும் பாட்டோடு போயிற்று. அதற்குள் வளைவு வந்துவிட்டது. ரோடு முழுக்க மண்டியிட்டுத் தலை குனிந்துவிட்டார்கள். ஜெபிக்கிறவர்கள் மேல் எப்படி ஹாரன் அடிப்பது. அடித்தேன். கையை எடுக்காமல் அடித்தேன். ஓட்டிஸ் எழுந்து வந்து, வெட்கமா இல்ல உனக்கு, வெள்ளைக்காரன்கூட இந்த இடத்துல ஹாரன் அடிக்க மாட்டான்டா என்று கதவில் குத்தினான். அப்புறம்தான் பின் சீட்டைப் பார்த்தான். அவன் போட்ட சத்தத்தில் வழி விட்டார்கள்.

இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வலிப்பு வந்து தாயும் பிள்ளையும் போயிருப்பார்கள் என்று மாண்ட்கமரி டாக்டர் என்னிடம் மட்டும் சொன்னார். உன் அம்மாவுக்கு இது தெரியாது, நீயும் உளறிவிடாதே. ஊசி போட்டு மூன்று நாள் வைத்திருந்து, இனி எந்த நேரமும் ஆகலாம், டவுன்லயே ஒரு ரூம் எடுத்துத் தங்குங்க என்று அனுப்பிவிட்டார்கள். ரூம் வாடகைக்கு நான் எங்கே போவேன். பாஸ்டர் ஒரு தட்டு மீன் கொண்டுவந்து கொடுத்து, அடுத்த வருஷ ஜெபத்துல கியேரா பேரையும் சேர்த்துக்கலாம் என்றார். தட்டை வாங்கி வைத்துக்கொண்டேன், சண்டை போடக்கூடத் தெம்பில்லை. நாங்கள் எதற்காக நடந்தோம், யாருக்காக நடந்தோம் என்று எனக்கே இப்போது விளங்கவில்லை அம்மா.

நீ பிரசவம் பார்க்கிற நர்ஸ். லீவு போட்டுவிட்டு உடனே வா. வழியில் ஆகிவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் ஒன்றும் செய்ய முடியாது. பிள்ளை பிறந்து அவள் எழுந்து நடந்ததும் திரும்பிப் போய்விடு. இங்கேயே இருந்துவிடுகிறேன் என்று மட்டும் ஆரம்பிக்காதே, நானே பஸ் ஏற்றிவிடுவேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாராக. குளிருக்குக் காதை மூடிக்கொள். எந்த பஸ்ஸில் வருகிறாய் என்று எனக்கு மட்டும் சொல், முன்பே தெரிந்தால் உன் அம்மா ஏன் என்று குடைவாள்.

உன் அப்பா,
ஆல்வின் ஹார்டவே