பூட்டாமல் தொங்கிய பூட்டுகள்

இன்று காலை என் மேசைக்கு ஒரு புதுப் பூட்டு வந்தது. உறையைப் பிரித்ததும் எண்ணெய் வாசனை. பூட்டைக் கண்டாலே உனக்கு வருகிற கோபம் எனக்கு வந்தது. நூலகத்தின் புதுக் கம்ப்யூட்டர் அறைக்காம். மாணவிகள் தொட்டால் கெட்டுப்போகுமாம், ஆசிரியர்களுக்கு மட்டும் திறந்தால் போதுமாம். நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. இவர்கள் திருந்தவில்லை.

கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நீ மோதி பாக்கில் ஏறி எனக்கு இடம் பிடித்து வைப்பாய், நான் சரோஜினி நகரில் ஏறுவேன். நீ பொருளாதாரம் நடத்துகிறவள், நான் நூலகர். உன் வகுப்பில் எல்லாரும் ஒரே கைடை ஜெராக்ஸ் எடுத்து அப்படியே விடைத்தாளில் இறக்கிவைக்கிறார்கள் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி திட்டுவாய். அவர்களை நூலகத்துக்கு அனுப்பிவையேன் என்றேன். அங்கே எல்லா அலமாரியும் பூட்டியிருந்தது. புத்தகத்தின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் ஊழியர் எடுத்து வருவார்.

“பேரே தெரியாத புஸ்தகத்துக்கு எப்படிட்டி சீட்டு எழுதுவாளுவ?” என்று கேட்டாய்.

அந்த பஸ்ஸில்தான் நம் வகுப்பு பிறந்தது. ஒரே விஷயத்தை மாற்றிச் சொல்லும் இரண்டு புத்தகங்களை மாணவிகளே தேடி எடுக்க வேண்டும். எதை நம்பலாம், ஏன் என்று எழுத வேண்டும். கேள்வி உன்னுடையது. எப்படித் தேடுவது, எழுதியவர் யார், எந்த வருடத்துப் பதிப்பு, என்ன ஆதாரம் காட்டுகிறார் என்று பார்க்கக் கற்றுக்கொடுப்பது என் பங்கு. மதிப்பெண் இருவரும் சேர்ந்து போடுவோம்.

முதல் நாள் அலமாரிகளைத் திறந்துவிட்டேன். ரோத்தக்கிலிருந்து வந்த அந்த உயரமான பெண் அலமாரி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “மேடம், ஹாத் லகா லூம்?” தொடலாமா என்று கேட்கிறாள், கல்லூரியில் படிக்கிற பெண்! உன் திருநெல்வேலி ஹிந்தியில் சொன்னாய்: “லகாவோ பேட்டா. யஹீ தோ கிளாஸ் ஹை.” தொடு, இதுதானே வகுப்பு. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். நீ அழுததை நான் பார்த்தேன்.

வருடக் கணக்கெடுப்பில் புத்தகங்கள் குறைந்தன. பாதி, இடம் மாறி வேறு அலமாரிகளில் கிடைத்தன. மீதி போனது போனதுதான். கல்லூரியின் நூலகக் கமிட்டி நம் இருவரையும் கூப்பிட்டது. புத்தகத்தைக் காப்பதுதான் நூலகர் வேலை, பாடம் நடத்துவது அல்ல என்றார் தலைவர். என் வேலையே போய்விடும் என்று பயந்தேன். நீ எழுந்தாய். “அந்த வகுப்பில் பாதி அவளுடையது. அப்படியானால் குற்றத்தில் பாதி என்னுடையது. என் பெயரையும் எழுதுங்கள்.”

எழுதவில்லை. எச்சரித்து விட்டார்கள், மறுபடி பூட்டச் சொன்னார்கள். வெளியே வந்ததும் நீ சிரித்தாய். “தொங்கட்டும்ட்டி. பூட்டாத, சும்மா தொங்க விடு.”

அப்படியே செய்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் பூட்டியிருக்கும், இழுத்தால் கையோடு வரும். மாணவிகளுக்கெல்லாம் தெரியும். நீ படுக்கையில் விழும்வரை நம் வகுப்பு நடந்தது. கமிட்டியில் ஒருவர்கூட ஒரு புத்தகம் எடுக்க வந்ததில்லை. வந்திருந்தால் அன்றே பிடிபட்டிருப்போம்.

இன்றைக்கும் தொங்கவிட்டிருக்கலாம். மனம் ஒப்பவில்லை. எத்தனை காலத்துக்குத்தான் திருட்டுத்தனமாகச் சொல்லிக்கொடுப்பது? பூட்டை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். “இது எனக்கு வேண்டாம், சார். பாடம் நடத்துவதும் என் வேலைதான். இன்றைக்கு அந்த அறையில் எனக்கு வகுப்பு இருக்கிறது,” என்று மேசையில் வைத்துவிட்டு வந்தேன். பக்கத்தில் நீ இல்லை. இந்த முறை குற்றம் முழுக்க என்னுடையது. ஆகட்டும், என்ன செய்துவிடுவார்கள்?

திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு பெண், செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்ப்யூட்டரைக் காட்டி, அதே கேள்வியைக் கேட்டாள்.

நான் உறையை உருவிப் போட்டேன்.

“லகாவோ பேட்டா. யஹீ தோ கிளாஸ் ஹை.”